காஸ்ட்கோ கார்டு: கொடுத்த 65 டாலர் திரும்பி வருமா?

அமெரிக்காவில் புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காஸ்ட்கோ, சாம்ஸ் கிளப் மாதிரியான சந்தாக் கடைகளைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சாமான் விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் விலையைச் சொல்வதைவிட, கணக்குப் போடும் வழியைச் சொல்வதில்தான் அதிக இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். நாங்கள் இரண்டு பேர், எட்டு மாதக் குழந்தை. ஆபீஸில் எல்லோரும் “இன்னுமா காஸ்ட்கோ கார்டு வாங்கவில்லை?” என்று கேட்கிறார்கள். ஷாப்ரைட் சூப்பர் மார்க்கெட்டுக்கும் படேல் பிரதர்ஸ் என்ற இந்தியக் கடைக்கும் சும்மா போய் வாங்கிக்கொண்டு வருகிறோம். வருடம் 65 டாலர் கட்டி உள்ளே போய் வாங்குவதில் நிஜமாகவே மிச்சம் உண்டா?

உண்டு. ஆனால் கடை முழுக்க இல்லை. சில குறிப்பிட்ட சாமான்களில்தான் அந்த மிச்சம் இருக்கிறது. அவை உங்கள் வீட்டில் செலவாகிறவையா என்பதுதான் விஷயம்.

அந்தக் கடை எதில் சம்பாதிக்கிறது என்று தெரிந்தால் மற்றது தானாகப் புரிந்துவிடும். 2024 நிதியாண்டில் காஸ்ட்கோவுக்குச் சந்தாவில் மட்டும் வந்த வருமானம் சுமார் 480 கோடி டாலர். அந்த வருடம் அதன் நிகர லாபம் 737 கோடி டாலர் அளவில் இருந்தது. வாசலில் வாங்கும் பணமே இவ்வளவு என்பதால், சாமானில் பெரிதாக லாபம் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. பிராண்டு சாமானுக்குக் கொள்முதல் விலைக்கு மேல் 14 சதவீதம், சொந்த பிராண்டான கிர்க்லண்டுக்கு 15 சதவீதம், அதற்கு மேல் ஏற்றுவதில்லை என்று ஒரு வரம்பே வைத்திருக்கிறார்கள். வழக்கமான சூப்பர் மார்க்கெட் பல்லாயிரம் வகைச் சாமானை அடுக்கிவைக்கும் இடத்தில், இங்கே சுமார் 4,000 வகைதான். ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோ பிராண்டு. சரக்கு வந்த மரப்பலகையோடு அப்படியே இறக்கிவைத்து விற்கிறார்கள். இப்படித்தான் விலை இறங்குகிறது.

இப்போது உங்கள் பக்கம். போன மூன்று மாத மளிகை பில்களை எடுங்கள். ஷாப்ரைட் ஆப்பில் இருந்தால் அதையே பார்க்கலாம். ஒவ்வொரு மாதமும் தவறாமல் வந்திருக்கும் சாமான்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எட்டு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் முதல் வரி டயபர், இரண்டாவது வரி துடைக்கும் ஈரத்தாள். பால், முட்டை, வெண்ணெய், டிடர்ஜென்ட், பேப்பர் டவல், டாய்லெட் பேப்பர், பாத்திரம் கழுவும் சோப்பு எல்லாம் அடுத்தடுத்து வரும். ஒரு டயபருக்கு என்ன விலை, ஒரு கேலன் பாலுக்கு என்ன விலை என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கார்டு வைத்திருக்கும் நண்பர் யாராவது போகும்போது கூடவே போய் அதே தாளில் அந்தக் கடை விலையையும் எழுதுங்கள். ஒரு கார்டுக்கு இரண்டு விருந்தாளிகளை உள்ளே கூட்டிப் போகலாம். பணம் கொடுப்பது மட்டும் கார்டுக்காரராக இருக்க வேண்டும்.

65 டாலர் என்றால் மாதம் ஐந்தரை டாலருக்குக் கொஞ்சம் குறைவு. டயபரிலும் ஈரத்தாளிலும் மட்டுமே அது வந்துவிடுகிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் அநேகமாக வந்துவிடும்.

ஒப்பிடும்போது அளவில் ஏமாந்துவிடாதீர்கள். ஒரு கடையின் விலைச்சீட்டில் அவுன்ஸ் கணக்கு இருக்கும், இன்னொன்றில் பவுண்டு கணக்கு. 16 அவுன்ஸ் சேர்ந்தால் ஒரு பவுண்டு. டாய்லெட் பேப்பரை உருளைக் கணக்கில் ஒப்பிடவே கூடாது. “12 உருளை 48-க்குச் சமம்” என்று போட்டிருப்பார்கள், எந்த 48 என்று யாருக்கும் தெரியாது. உறையின் ஓரத்தில் மொத்தச் சதுர அடி பொடி எழுத்தில் இருக்கும். விலையை அதால் வகுங்கள். டிடர்ஜென்டில் பாட்டிலின் பருமனைப் பார்க்காமல் எத்தனை லோடு துவைக்கலாம் என்பதைப் பாருங்கள். டயபரில் சைஸ் கூடக்கூடப் பெட்டிக்குள் எண்ணிக்கை குறையும். போன முறை பெட்டி என்ன விலை என்று நினைவு வைத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை.

இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மளிகை லிஸ்டில் பாதி அங்கே கிடைக்காது. இட்லி அரிசி, புழுங்கல் அரிசி, உளுந்து, புளி, மிளகாய், நல்லெண்ணெய், கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் எப்படியும் படேல் பிரதர்ஸுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இந்தியர்கள் அதிகம் இருக்கும் ஊர்களில் சில கிளைகள் ஆட்டாவும் சோனா மசூரியும் வைக்கின்றன. இருந்தால் நல்லது, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இந்தியக் கடையில் 20 பவுண்டு அரிசி மூட்டை தள்ளுபடியில் வரும் வாரம் அதற்கு ஈடு கொடுக்க முடியாது.

பதிலுக்கு, நெய் ஒன்று போதும். நான்கு பவுண்டு உப்பில்லாத வெண்ணெயை ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள். அமெரிக்க வெண்ணெயில் சட்டப்படி குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். அடி கனமான பாத்திரத்தில், நிதானமான தீயில், சடசடப்பு அடங்கி அடியில் பழுப்பு மண்டி படியும்வரை காய்ச்சினால் மூன்று பவுண்டுக்கு மேல் நெய் இறங்கும். கொஞ்சம் முருங்கைக்கீரை போட்டு இறக்குவது உங்கள் விருப்பம். பாட்டிலில் விற்கும் நெய்யை எடைக் கணக்கில் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல வீடுகளில் சந்தாவுக்கு இது ஒன்றே பதில் சொல்லிவிடும். பாதாம், முந்திரி, வால்நட் பைகளும் இதே வகைதான். பிரித்த பையை மட்டும் ஃப்ரீஸரில் வையுங்கள். வெளியில் வைத்தால் இரண்டு மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும்.

கேள்வி: கவுன்டரில் இருந்த பெண்மணி, 130 டாலர் எக்ஸிக்யூட்டிவ் கார்டு எடுத்தால் 2 சதவீதம் திரும்பி வரும், அதுதான் லாபம் என்றார். எடுக்கலாமா?

2024 செப்டம்பரில் கட்டணம் ஏறியதிலிருந்து சாதாரண கார்டு 65, எக்ஸிக்யூட்டிவ் 130. கூடுதலாகக் கொடுக்கும் 65 டாலர் 2 சதவீதத்தில் திரும்ப வேண்டுமென்றால் வருடம் 3,250 டாலருக்கு வாங்க வேண்டும். மாதம் 270 டாலர் சொச்சம். மொத்த 130 டாலரும் திரும்ப வேண்டும் என்றால் 6,500.

காஸ்ட்கோ பங்கில் போடும் பெட்ரோல் இதில் சேராது, ஃபுட் கோர்ட்டில் சாப்பிடுவதும் சேராது. பலர் இதைத்தான் கவனிப்பதில்லை. மாதம் 350 டாலர் காஸ்ட்கோவில் போகிறது என்பார்கள், அதில் 120 டாலர் பெட்ரோலாக இருக்கும்.

முதல் வருடம் சாதாரண கார்டு போதும். அந்த வருடச் செலவைப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டயர் என்று பெரிய செலவு ஏதாவது திட்டத்தில் இருந்தால், அதை வாங்குவதற்கு முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு சலுகை: 2025 ஜூன் கடைசியிலிருந்து எக்ஸிக்யூட்டிவ் கார்டுக்காரர்களைக் காலையில் முன்னதாகவே உள்ளே விடுகிறார்கள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அங்கே வண்டி நிறுத்த இடம் தேடியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஒன்றில் பயமில்லை. சந்தா பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து முழுக் கட்டணத்தையும் திருப்பித் தருவதாக காஸ்ட்கோ உத்தரவாதம் கொடுக்கிறது.

கேள்வி: டாலஸ் பக்கம் படிக்கிற மாணவர்கள் நான்கு பேர் ஒரே அபார்ட்மென்டில் இருக்கிறோம். ஒருவர் கார்டு எடுத்து நாலு பேரும் பயன்படுத்தலாமா?

ஒரு சந்தாவுக்கு இரண்டு கார்டு. இரண்டாவது கார்டு, அதே முகவரியில் வசிக்கும் இன்னொருவருக்கு இலவசம். உறவாக இருக்க வேண்டும் என்பதில்லை, ரூம்மேட்டுக்கும் எடுக்கலாம். மீதி இரண்டு பேர் உங்களோடு விருந்தாளியாக வரலாம். கார்டைக் கை மாற்றிக் கொடுத்தனுப்பும் பழைய வழக்கம் இனி நடக்காது. 2024-லிருந்து வாசலிலேயே ஸ்கேன் செய்கிறார்கள், திரையில் உங்கள் போட்டோ வந்து நிற்கும்.

பணம் கொடுப்பதில் ஒரு விஷயம்: அமெரிக்கக் கிளைகளில் கிரெடிட் கார்டு என்றால் விசா மட்டும்தான். டெபிட் கார்டு, ரொக்கம் வாங்கிக்கொள்வார்கள். மாஸ்டர்கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய் பில் போடும் இடத்தில் விழிக்காதீர்கள்.

நாலு பேர் வீட்டுக்கு முட்டை, பால், பிரெட், சிக்கன், வெங்காயம் எல்லாம் வீணாகாமல் தீரும். பில்லை அன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஒருவர் மட்டும் சைவம் என்றால் அவர் கணக்கைத் தனியாக வையுங்கள். சிநேகிதம் கெடுவது பெரும்பாலும் சிக்கன் காசில்தான்.

கேள்வி: கார்டு எடுத்து ஒரு வருடம் ஆகிறது. மளிகைச் செலவு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது! கீரையும் பெர்ரியும் பாதி குப்பைக்குப் போகிறது. “எதுக்கு இவ்வளவு பெருசா வாங்கிட்டு வர்றீங்க?” என்று மாமியார் போனில் பார்த்துவிட்டுத் திட்டுகிறார். எங்கே தப்பு நடக்கிறது?

மாமியார் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பெரிய பையின் பவுண்டு விலை 30 சதவீதம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு அழுகிப் போனால், நீங்கள் சாப்பிட்ட பங்கு சின்னப் பையைவிட அதிக விலைக்கு வந்துவிட்டது. அழுகும் பொருளில் விலைச்சீட்டு சொல்லும் மிச்சத்தை நம்பாதீர்கள். உங்கள் குப்பைக் கூடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கீரை, பெர்ரி, அவகாடோ, சாலட் பெட்டி எல்லாவற்றையும் விருந்தாளி வரும் வாரம் தவிர மற்ற நாட்களில் பக்கத்துக் கடையில் சின்னதாக வாங்குங்கள். ஃப்ரீஸரில் வைக்க முடிந்ததைத்தான் இங்கே வாங்க வேண்டும். உறைந்த பெர்ரி, உறைந்த பட்டாணி, மீன், சிக்கன் இவற்றில் கவலை இல்லை. உரித்த பூண்டு மூன்று பவுண்டுப் பை ஒன்று வரும். அதை முழுப் பையாக ஃப்ரிட்ஜில் போட்டால் மேலே ஈரம் கோத்து, ஒரு மாதத்துக்குள் வழவழப்பு தட்டிவிடும். வாங்கிய அன்றைக்கே பாதியை இஞ்சியோடு அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிட்டு, கட்டிகளை ஒரு ஜிப் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தால் மாதக்கணக்கில் வரும். பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் மட்டும் வைக்காதீர்கள். காற்றுப் புகாத அந்த எண்ணெயில், பாட்டுலிசம் என்ற கொடிய நோயைக் கொடுக்கும் நச்சு உருவாகலாம். வாடையிலோ நிறத்திலோ தெரியாது.

செலவு கூடியதற்கு முக்கியக் காரணம் கீரை இல்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. பாலும் முட்டையும் கடையின் கடைக்கோடியில் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்வதற்குள் டிவி, சட்டை, தோட்ட நாற்காலி, சாம்பிள் கொடுக்கும் மேசை எல்லாவற்றையும் தாண்டியாக வேண்டும். லிஸ்டில் இல்லாத இரண்டு சாமான் ஏறினால் அந்த மாத மிச்சம் போயிற்று. உங்கள் பழைய ரசீதுகள் எல்லாம் காஸ்ட்கோ தளத்தில் உங்கள் கணக்கிலேயே இருக்கும். ஒரு வருட ரசீதுகளைத் திறந்து, லிஸ்டில் இல்லாமல் வாங்கியவற்றைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். வாரா வாரம் போவதை விட்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போங்கள். பசியோடு போகாதீர்கள். போனால் முதலில் அந்த ஒன்றரை டாலர் ஹாட் டாக்கைச் சாப்பிட்டுவிட்டு வண்டியைத் தள்ளுங்கள். 1980-களிலிருந்து அதே விலை. சைவம் என்றால் சீஸ் பீட்ஸா.

கேள்வி: பெட்ரோலுக்காகவே கார்டு எடுக்கலாம் என்கிறார்களே?

பங்க் நீங்கள் தினமும் போகும் வழியில் இருந்தால் எடுக்கலாம். உதாரணத்துக்கு, கேலனுக்கு 30 சென்ட் குறைவு, மாதம் 36 கேலன் போடுகிறீர்கள் என்றால் 10 டாலர் 80 சென்ட் மிச்சம். ஆறு மாதத்தில் சந்தா வந்துவிடும். ஆனால் 12 கேலன் போடப் போக வர 10 மைல் தனியாக ஓட்டினால், 25 மைல் கொடுக்கும் காரில் 0.4 கேலன் அங்கேயே போயிற்று. மிச்சமாகும் 3 டாலர் 60 சென்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதற்கே சரியாகிவிடும். வரிசையில் நிற்கும் இருபது நிமிடத்துக்கு என்ன விலை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: சாம்ஸ் கிளப், பிஜேஸ், காஸ்ட்கோ மூன்றில் எது?

வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது. சாம்ஸ் கிளப் வால்மார்ட்டினுடையது, சாதாரணச் சந்தா காஸ்ட்கோவைவிடக் குறைவு. போனிலேயே ஸ்கேன் செய்து, பில் போடும் வரிசையில் நிற்காமல் வெளியே வந்துவிடலாம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம். பிஜேஸ் பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான். அங்கே மட்டும் சாமானைத் தயாரிக்கும் கம்பெனி கொடுக்கும் தள்ளுபடிக் கூப்பனும் செல்லும், மற்ற இரண்டிலும் செல்லாது. கூப்பன் வெட்டிச் சேர்க்கும் பொறுமை இருந்தால் பிஜேஸில் டயபர் விலை நன்றாகவே இறங்கும். சாம்ஸிலும் பிஜேஸிலும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வருடக் கட்டணத்தில் அடிக்கடி சலுகை விடுகிறார்கள். அது வரும்வரை காத்திருந்து சேருங்கள்.

கேள்வி: விலைச்சீட்டில் சில விலை .97 என்று முடிகிறது, சிலவற்றின் மூலையில் நட்சத்திரக் குறி இருக்கிறது. ஏதாவது அர்த்தம் உண்டா?

வழக்கமான விலை .99-ல் முடியும். .97 என்றால் அந்தக் கிளை இருப்பைக் காலி செய்கிறது என்று அர்த்தம். நட்சத்திரம் இருந்தால் அந்தச் சாமான் பெரும்பாலும் திரும்ப வராது. குழந்தைக்குப் பிடித்த பிஸ்கட்டில் நட்சத்திரத்தைப் பார்த்தால் ஒரு பெட்டி கூடுதலாக எடுப்பதில் தப்பில்லை. வாங்கி 30 நாளுக்குள் அதே சாமான் விலை இறங்கினால், ரசீதோடு போய்க் கேளுங்கள், வித்தியாசத்தைத் தருவார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி: காஸ்ட்கோவில் தங்கக் கட்டி விற்கிறார்களாமே! செய்கூலி, சேதாரம் இல்லாமல் வாங்கி ஊருக்குக் கொண்டு போகலாமா?

2023-லிருந்து விற்கிறார்கள். ஒரு அவுன்ஸ் கட்டி 24 காரட், 31.1 கிராம். நம் கணக்கில் நான்கு பவுனுக்குச் சற்றுக் குறைவு. விலை சந்தை விலையை ஒட்டித்தான் இருக்கும்.

வாங்குவது சுலபம், விற்பதுதான் வேலை. காஸ்ட்கோ திரும்ப எடுத்துக்கொள்ளாது, ரிட்டர்னும் கிடையாது. நாணய வியாபாரியிடம் போனால் சந்தை விலைக்குக் கீழேதான் கேட்பார். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் தங்கம் சேகரிப்புப் பொருள் பட்டியலில் வருவதால், பல வருடம் வைத்திருந்து விற்றாலும் லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி விழலாம். பங்குகளுக்குக் கிடைக்கும் குறைந்த வரி இதற்குக் கிடையாது. ஊருக்கு எடுத்துப் போவதாக இருந்தால், இந்திய விமான நிலையத்தில் கொடுக்கும் சலுகை நகைக்குத்தான், கட்டிக்கு இல்லை. சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, வரி கட்டித்தான் வெளியே வர வேண்டும். மகள் கல்யாணத்துக்கு நகை சேர்க்க நினைத்தால் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இங்கேயே இருந்து நீண்ட நாள் வைத்துக்கொள்ள நினைத்தால் வாங்கலாம்.

கேள்வி: அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கப் போகிறார்கள். கார்டு இல்லாமலேயே காஸ்ட்கோவில் மருந்து வாங்கலாம் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மைதான். மருந்தகத்துக்குச் சந்தா தேவையில்லை, வாசலில் “ஃபார்மஸி” என்று சொல்லிவிட்டு உள்ளே போகலாம். ஆனால் ஊர் டாக்டர் எழுதிய சீட்டு இங்கே செல்லாது. இங்குள்ள டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைத் தங்கும் காலம் முழுக்க வருகிற மாதிரி, டாக்டர் சீட்டோடு ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள்.

கண் பரிசோதனைக்கும் கார்டு வேண்டாம், கண்ணாடி வாங்கத்தான் வேண்டும். அதை உங்கள் கார்டில் வாங்கிக் கொடுத்துவிடலாம். வசந்த காலத்தில் வருகிறார்கள் என்றால் மகரந்தத்தால் தும்மல் பிடித்துக்கொள்ளும். அதற்கான செடிரிஸின் 10 மில்லிகிராம் மாத்திரை கிர்க்லண்டு பெயரில் 365 மாத்திரை கொண்ட பாட்டிலாக வருகிறது, 20 டாலருக்குள் கிடைக்கும். ஸிர்டெக் என்று பிராண்டு பெயரில் விற்பதிலும் இதே மருந்துதான். அம்மாவுக்கு வேறு மாத்திரைகள் ஓடிக்கொண்டிருந்தால், அங்கேயே மருந்தாளரிடம் சேர்த்துச் சாப்பிடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் காசு கிடையாது.